மெழுகுத் தாளும் மாணவர் எழுச்சியும்

புரட்சி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் கொடியும் கோஷமும் ஊர்வலமும் வந்து நிற்கின்றன. உறைகளில் முகவரி எழுதுவதும், தபால் தலை ஒட்டுவதும், மெழுகுத் தாளைத் தட்டச்சில் ஏற்றிப் பிழையின்றி அடிப்பதும் வந்து நிற்பதில்லை. அவை குமாஸ்தாக்களின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். பிழைப்பைத் தேடி வடக்கே வந்து மத்திய அரசு அலுவலகமொன்றில் அந்த வேலையையே செய்துவரும் நமக்கு, 1942-43ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழக மாணவர் சிலர் நடத்திய மறைமுகப் போராட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். அவர்கள் இரவில் செய்தவற்றுள் பெரும்பகுதி நாம் பகலில் செய்யும் வேலை.

'வெள்ளை ரோஜா' என்பது அவர்கள் தம் முதல் பிரசுரங்களுக்கு இட்ட பெயர். ஹான்ஸ் ஷோல், அலெக்சாந்தர் ஷ்மோரெல் என்னும் இரு மருத்துவ மாணவர்கள் 1942 ஜூன் இறுதிக்கும் ஜூலை நடுவுக்கும் இடையே நான்கு பிரசுரங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு படிகள் எடுத்து அஞ்சலில் அனுப்பினர். போலந்தில் மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை இரண்டாம் பிரசுரம் ஒளிவு மறைவின்றிக் கூறிற்று. நாடே வாய்மூடிக் கிடந்த காலம் அது. அண்டை வீட்டுக்காரரிடம் இரவல் பெற்ற ரெமிங்டன் தட்டச்சில் அவை அடிக்கப்பட்டன. ரெமிங்டன் என்றதும் நம்மில் பலருக்கு ஊர்த் தட்டச்சுப் பள்ளியும், லோயர் ஹையர் தேர்வுகளும், விரல் நுனி வலியும் நினைவுக்கு வராமலிரா.

இளைய தலைமுறைக்காக ஒரு விளக்கம். நாம் வேலையில் சேர்ந்தபோது அலுவலக மூலையில் ஒரு ரோனியோ இயந்திரம் தூசு படிந்து நின்றது. மை நாடாவை விலக்கிவிட்டு மெழுகுத் தாளில் அடித்தால், எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அத்தாளை உருளையில் பூட்டிச் சுழற்றினால் அவ்விடங்களின் வழியே மை கசிந்து காகிதத்தில் படியும். ஓங்கி அடித்தால் வட்ட எழுத்துகளின் நடுப்பகுதி உதிர்ந்துவிடும். மெல்ல அடித்தால் மை இறங்காது. பழைய சூப்பிரண்டெண்டு ஒருவர் இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தபோது, இதற்காக ஒருவர் தலையை இழக்கக்கூடும் என்று நாம் எண்ணியதில்லை.

அவ்வாண்டுக் கோடையில் ஹான்ஸ் முதலானோர் ராணுவ மருத்துவ உதவியாளராய் ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு நவம்பரில் திரும்பினர். 1943 ஜனவரியில் ஐந்தாம் பிரசுரம் 6,000 படிகளுக்கு மேல் எடுக்கப்பட்டது. கையால் சுழற்றும் இயந்திரத்தில் ஆறாயிரம் சுற்று! அதைவிடப் பெரிய தொல்லை காகிதம். போர்க்காலத்தில் கட்டுக்கட்டாய்க் காகிதமும் உறையும் தபால் தலையும் வாங்குவோர்மேல் ஐயம் விழும். ஆகவே கடை கடையாய், அஞ்சலகம் அஞ்சலகமாய்ச் சிறிது சிறிதாக வாங்கினார்கள். முகவரிகளைப் பொது நூலகத்தில் இருந்த விவரப் புத்தகங்களைப் பார்த்துப் படியெடுத்தார்கள். ஹான்ஸின் தங்கை சோஃபி பெட்டியுடன் ரயிலேறி ஆக்ஸ்பர்க்கிலும் ஸ்டுட்கார்ட்டிலும் அஞ்சல் செய்தாள். ஷ்மோரெல் வியன்னா வரை போனார். பெட்டியை ஒரு கம்பார்ட்மெண்டில் வைத்துவிட்டு வேறொன்றில் அமர்வதுண்டாம். பல ஊர் முத்திரைகளைக் கண்ட போலீசார், இது நாடளாவிய பெரும் இயக்கம் என்று நினைக்க வேண்டும் என்பது கருத்து. டெஸ்பாட்ச் பிரிவில் பத்தாண்டு இருந்தவருக்கும் இந்த யுக்தி எளிதில் தோன்றாது.

ஸ்டாலின்கிராட் தோல்விக்குப்பின் பேராசிரியர் குர்த் ஹூபர் ஆறாம் பிரசுரத்தை எழுதினார். 1943 பிப்ரவரி 18 அன்று அண்ணனும் தங்கையும் வகுப்பறை வாசல்களில் அதை வைத்தனர். எஞ்சியவற்றைச் சோஃபி மேல்மாடத்திலிருந்து நடுக்கூடத்தினுள் தள்ளிவிட்டாள். கட்டடக் காவலர் யாக்கோப் ஷ்மிட் பார்த்துவிட்டார். இருவரையும் பிடித்துக் கொடுத்தார். ஹான்ஸின் சட்டைப் பையில் கிடந்த கைப்பிரதியின் எழுத்து கிறிஸ்தோப் புரோப்ஸ்டைக் காட்டிக் கொடுத்தது. மூன்று குழந்தைகளின் தந்தை அவர்; கடைசிக் குழந்தைக்கு ஒரு மாதம்.

நம் அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை விட்டு மேசை நகர ஒரு வாரம் ஆகும். அங்கே கைதான நான்காம் நாள், பிப்ரவரி 22 காலையில் விசாரணை தொடங்கி, பிற்பகலில் தீர்ப்பாகி, மாலை ஐந்து மணிக்கு மூவரின் தலைகளும் வெட்டப்பட்டன. சோஃபிக்கு வயது 21. ஹூபர், ஷ்மோரெல், வில்லி கிராஃப் ஆகியோரும் அவ்வாண்டே அவ்வாறே மாண்டனர். ஆறாம் பிரசுரமோ நாடு கடந்து இங்கிலாந்து சேர்ந்தது. கோடையில் அதன் படிகளை நேசநாட்டு விமானங்கள் ஜெர்மனியின்மேல் கொட்டின.

ஷ்மிட்டுக்கு 3,000 மார்க் பரிசும் பதவி உயர்வும் கிடைத்தன. போருக்குப்பின் விசாரித்தபோது, கடமையைத்தான் செய்தேன் என்றார். நம்மை உறங்கவிடாதவர் இவரே. ஹிட்லரை நாம் ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை. ஷ்மிட்டையோ நாள்தோறும் காண்டீனில் சந்திக்கிறோம். நல்ல மனிதர், நேரத்துக்கு வருபவர், விதிகளை மனப்பாடமாய் அறிந்தவர். அவர் நம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும்.

அயலூரில் பிள்ளை வளர்க்கும் நாம், கல்லூரிக்குப் போகும் குழந்தைக்குச் சொல்லியனுப்புவது என்ன? கூட்டத்தில் நிற்காதே, எந்தத் தாளிலும் கையெழுத்திடாதே, நமக்கு இங்கே யாருமில்லை. இந்த அச்சத்தை எள்ளி நகையாட நாம் துணியோம். மாதச் சம்பளத்தில் பிறந்த அச்சம் அது. ஆயினும் ஷோல் குழந்தைகளின் தந்தை ராபர்ட் ஷோலை நினைக்கிறோம். ஹிட்லரைப்பற்றித் தம் அலுவலகப் பெண்ணிடம் சொன்ன ஒரு வார்த்தைக்காக 1942இல் நான்கு மாதச் சிறைத் தண்டனை பெற்றவர். மக்களின் விசாரணை மன்றத்துள் புகுந்து பேச முயன்று வெளியேற்றப்பட்டார். போருக்குப்பின் உல்ம் நகர மேயராய் இருந்தார். தடுத்திருக்கலாமே என்று எத்தனை இரவு எண்ணியிருப்பார், அல்லது எண்ணியே இருக்கமாட்டாரோ, நாம் அறியோம்.

சென்ற ஆண்டு நம் வீட்டுப் பெண், தேர்வுக் கட்டண உயர்வை எதிர்த்துத் தன் தோழியருடன் எழுதிய ஆங்கிலத் துண்டறிக்கையின் கைப்பிரதியைச் சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எடுத்துப் படித்தோம். இரண்டு எழுத்துப் பிழைகள். மூன்றாம் பத்தி தேவைக்கு மேல் நீளம். அலுவலகப் பழக்கத்தில் பென்சிலை எடுத்துத் திருத்திவிட்டு, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தோம்.