பனியின் பாரம்

மார்கழி வைகறையில் புல்மீதும் கூரைமீதும் படிந்து, கதிரவன் எழுந்ததும் மறையும் ஈரமே காஞ்சி மக்களாகிய நாம் அறிந்த பனி. இமயத்தின் வெண்திரளுக்கும் அதே சொல்லைத்தான் வழங்குகிறோம். அதனாலோ என்னவோ, அது ஆளைக் கொல்லும் என்பது நம் மனத்தில் எளிதில் பதிவதில்லை.

2016 பிப்ரவரி 3 அன்று பதிந்தது. சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் உள்ள சோனம் காவற்சாவடிமேல் பனிச்சுவர் இடிந்து, மதராஸ் படைப்பிரிவின் வீரர் பதின்மரை மூடியது. வேலூர், மதுரை, தேனி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மைந்தர் நால்வர் அவர்களுள் இருந்தனர். கருநாடகத்தின் ஹனுமந்தப்பா மட்டும் ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று தில்லி இராணுவ மருத்துவமனையில் உயிர்நீத்தார்.

காவல் நிற்போர் தம் இடத்தைத் தெரிந்துகொள்வதில்லை. பனிச்சறுக்குக்குச் செல்வோர் தெரிந்துகொள்ளலாம். நம் பங்கின் இளைஞர்களும் இன்று மணாலிக்கும் குல்மார்க்கிற்கும் விடுமுறைப் பயணம் போகிறார்கள். ஆகவே இது தொலைதூரக் கதையன்று.

நெசவாளர் இல்லங்களில் பட்டுச்சேலைகளை அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அடுக்கைச் சாய்த்தால் நடுவில் ஒரு மடிப்பு வழுக்க, மேலுள்ளவை யாவும் ஒருசேரச் சரியும். மலைப்பனியும் அடுக்கடுக்காகவே கிடக்கிறது. கடுங்குளிர் நாள்களில் ஓர் அடுக்கு சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனி பொழியும். காற்று மேலும் வாரிக் குவிக்கும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒருவர் ஏறியதும் நலிந்த அடுக்கு நொறுங்க, மேலுள்ள பாளம் முழுதும் பெயர்கிறது. சறுக்கச் சென்று சிக்குவோருள் பத்துக்கு ஒன்பது பேரளவில், தாமோ தம் தோழரோ கிளப்பிய சரிவிலேயே சிக்குகின்றனர். சறுக்குவதற்கு இன்பமான சாய்வும் அதுவே என்பதுதான் கொடுமை! பெரும்பொழிவு ஓய்ந்து வானம் வெளுத்த முதல் நாளே கண்ணுக்கு அழகானது. அதுவே மிகுந்த அபாயமானதும்கூட. 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கின் கிலன்மார்க் பகுதியில் சறுக்கச் சென்ற ருஷ்ய நாட்டவர் ஒருவர் பனிச்சரிவில் மாண்டார்.

புதையுண்டோர் பெரும்பாலும் மூச்சடைத்தே இறக்கின்றனர். பத்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தால் சிலரே. அடிவாரத்திலிருந்து உதவி வர அந்நேரம் போதாது. உடன் சென்றவர்தாம் மீட்கவேண்டும். ஆதலால் அறிந்தோர், புதைந்த இடத்தை அலைவழி உணர்த்தும் சிறு கருவியை மார்போடு கட்டிக்கொள்கின்றனர். துழாவுகோலும் பனிவாரியும் சுமக்கின்றனர். சரிவைக் கூட்டமாகக் கடப்பதில்லை. ஒருவர் கடக்கும்வரை ஏனையோர் பத்திரமான மேட்டில் நின்று, அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் காத்திருக்கின்றனர். எங்கே மறைந்தார் என்று கண்டிருந்தால்தானே எங்கே தோண்டுவது என்று தெரியும்?