மனசில் பிரி, வாயில் சேர்



ஓஸ்லோவில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். அவள் மகனுக்கு 9 வயது. நார்வே மொழியில் எத்தனை நீளச் சொல் வந்தாலும் படித்துவிடுகிறானாம். தமிழில் 'திருவானைக்காவல்' என்று வந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறானாம். "லீவுக்கு ஸ்ரீரங்கம் வரும்போது பாட்டி படிக்கச் சொன்னா அழுதுடுவான் சார்" என்றாள். உங்களில் பலரும் இதையே கேட்டிருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நார்வே மொழியும் நம்மைப் போலச் சொற்களைக் கோத்து எழுதும் மொழிதான். அர்பைட் என்றால் வேலை, பிளாஸ் என்றால் இடம். சேர்த்தால் நடுவில் ஒரு 'ஸ்' வந்து அர்பைட்ஸ்பிளாஸ். அந்த 'ஸ்' மூட்டு. பையன் மூட்டைப் பார்த்துப் படிக்கிறான்.

தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் வல்லின ஒற்று செய்கிறது. நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். திரு, சிரா, பள்ளி. மூட்டு இரண்டு, அங்கே ச், ப் என்று ஒற்றும் இரண்டு. 'திருச் - சிராப் - பள்ளி' என்று ஒற்றோடு நிறுத்திப் படித்தால் மூன்றே துண்டு. எந்தக் குழந்தைக்கும் வரும்.

ஒற்று போனால் பொருளும் போகும். 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. அங்கேயும் இப்படி உண்டு. 'லம்மெலோர்' என்று சேர்த்து எழுதினால் ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. இரண்டாகப் பிரித்து எழுதினால் செயலிழந்த தொடைகள்!

திருவானைக்காவலின் பழைய பெயர் திருவானைக்கா. கா என்றால் சோலை. திருவும் ஆனையும் சேர இடையில் 'வ்'. ஆனையும் காவும் சேர 'க்'. பென்சிலால் அந்த இரண்டு இடத்திலும் கோடு போடச் சொல்லுங்கள். பயம் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத மூட்டும் உண்டு. மலைக்கோட்டையில் இருக்கும் 'தாயுமானவர்' பெயரை வாய் 'தா - யுமா - னவர்' என்றுதான் பிரிக்கும். பொருளோ தாயும் + ஆனவர். மூட்டு 'மா' என்ற ஒரே எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. 'ம்' முதல் சொல்லுடையது, 'ஆ' அடுத்ததுடையது. காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுபோன அம்மாவின் உருவத்தில் வந்து, ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்த இறைவன் என்பது தலக்கதை. அப்பனாக இருந்தவர் தாயும் ஆனார். அந்த 'உம்' தெரியாமல் படித்தால் பெயர் வரும், கதை வராது.

ஆகவே மனசில் பிரிக்க வேண்டும், வாயில் ஒரே மூச்சில் சேர்க்க வேண்டும். முதலில் கோடு, பிறகு மெதுவாக, பிறகு சேர்த்து. மூன்று தடவை போதும். தூர தேசத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரோடு ஊர்க் கதையும் போய்ச் சேரும்.

வீட்டுப்பாடம்: அகிலாண்டேஸ்வரி, உச்சிப்பிள்ளையார். பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லி, படிக்கும் குரலைப் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.