கதிரையிலிருந்து எழும்புதல்

எனது மாமா 22 வருடங்கள் இராணுவத்தில் சேவை செய்து ஓய்வு பெற்றவர். மலாய்க் குடும்பத்தில் பிறந்தவர். இந்நாட்டு மலாயர்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலம் தொட்டே தகப்பனுக்குப் பின் மகன் என்று வந்த உத்தியோகம் அது. வடக்கிலும் கிழக்கிலும் பல முகாம்களில் இருந்துவிட்டு, உடம்பில் ஒரு கீறல் கூட இல்லாமல் அவர் முகத்துவாரத்துக்குத் திரும்பியபோது மாமி கத்தம் ஓதி ஊருக்குச் சோறு கொடுத்தார். காயம் உள்ளே இருந்தது பல வருடங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது. இரவுக் காவலில் தூக்கத்தை விரட்டப் பழகிய சிகரட் முப்பது வருடம் அவரை விடவில்லை.

காலை இழந்த படைவீரர் பஸ்ஸில் ஏறினால் எழும்பி இடம் கொடுக்கிறோம். மூச்சை இழந்தவர் எதிரே நின்றாலும் நமக்குத் தெரிவதில்லை. அவர் வீட்டிலே சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைக்கிறோம்.

மாமாவுக்கு இரண்டு நோய்கள். ஒன்று நாட்பட்ட சுவாச அடைப்பு நோய். நுரையீரலின் சிறு குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தங்கிவிடுகிறது. பழைய காற்று வெளியேறாத இடத்தில் புதிய காற்று எப்படி நுழையும்? மற்றையது உறக்கத்தில் மூச்சு நிற்கும் நோய். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடுகிறது. குறட்டை திடீரென்று நின்றுபோகும். பத்து விநாடி, இருபது விநாடி அமைதி. பிறகு திடுக்கிட்டு ஒரு மூச்சு. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு எத்தனையோ இரவுகள் விழித்திருந்தவர் மாமி.

இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சேரும்போது இரத்தத்தில் ஒட்சிசன் தனித்தனி நோய்களில் குறைவதைவிட ஆழமாகக் குறைகிறது. இச்சேர்க்கைக்கு 1985இல் தனிப்பெயர் கொடுத்தவர் எடின்பரோவைச் சேர்ந்த டேவிட் ஃபிளென்லி என்ற வைத்தியர். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னர், 1981இல், சிட்னியில் கொலின் சல்லிவன் முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையைக் கண்டிருந்தார். அவ்வகை இயந்திரம் ஒன்றைப் பிள்ளைகள் சேர்ந்து மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

2022 வந்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கரண்ட் போனால் இயந்திரமும் நின்றுவிடும். அந்த இரவுகளில் மாமா தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே ஸுபஹு பாங்கு வரை காத்திருந்தார். பகலிலும் அதே கதிரை. அளுத்மாவத்தையில் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளின் புழுதிக்குப் பயந்து ஜன்னலும் மூடியிருந்தது. ஜும்ஆவுக்குப் போவதை விட்டு ஒரு வருடமாகியிருந்தது.

இந்த நோயின் சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. நடந்தால் மூச்சு வாங்குகிறது, ஆகவே நடப்பதில்லை. நடக்காததால் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த கால் சிறு வேலைக்கும் கூடுதல் ஒட்சிசனைக் கேட்கிறது. முன்னரைவிடச் சீக்கிரமாக மூச்சு வாங்குகிறது. நுரையீரல் ஒரு பங்கு பறித்தால் கதிரை இன்னொரு பங்கைப் பறித்துக்கொள்கிறது. நுரையீரல் பறித்தது திரும்பி வராது. கதிரை பறித்ததை மீட்கலாம்.

இதற்கு ஆதாரம் உண்டு. 65 ஆய்வுகளையும் 3822 நோயாளர்களையும் ஒன்றுசேர்த்து 2015இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, பயிற்சியால் இளைப்புக் குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது என்று உறுதி செய்தது. வைத்தியசாலைக்கு வாரம் இரண்டு முறை போய்வர முடியாதவர்கள் என்ன செய்வது? மெல்பேர்ணில் 166 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு அதற்கும் பதில் சொன்னது. ஒரு முறை மட்டும் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார்கள். பின்னர் வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. எட்டு வாரத்தில், வைத்தியசாலைக்குப் போய்ப் பயிற்சி செய்தவர்களுக்குக் குறையாத பயன் வீட்டில் செய்தவர்களுக்கும் கிடைத்தது.

மாமாவுக்கு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் கொடுத்த தாளில் இருந்தவையும் எளியவையே. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பி இருத்தல். சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களை இரு கைகளாலும் தூக்குதல். ஒழுங்கையில் நடத்தல். மூக்கால் மூச்சை எடுத்து, மெழுகுவர்த்திச் சுடரை அணைக்காமல் அசைப்பதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடுதல். இப்படி விடும்போது குழாய்கள் சற்று நேரம் கூடுதலாகத் திறந்திருக்கின்றன. தேங்கிய காற்று வெளியேறுகிறது.

தாளைப் பார்த்த மாமா சிரித்தார். “ரெக்ரூட்களை மைல் கணக்கில் ஓடவிட்டவன் நான், மகன். கதிரையில இருந்து எழும்புறதா எனக்குப் பயிற்சி?”

அந்தச் சிரிப்பில் வெட்கம்தான் அதிகம். முதல் நாள் ஒரு நிமிடத்தில் ஆறு தடவைக்கு மேல் அவரால் எழும்ப முடியவில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளியதிலிருந்து கடினமானதற்கு என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடம் நடத்துவார்கள். ஆறு தடவை முடிந்தால் பாடம் ஆறில் தொடங்க வேண்டும். ஒரு கொப்பியில் கோடிட்டு, திகதி, தடவை, இளைப்புப் புள்ளி என்று மூன்று நிரல் போட்டுக் கொடுத்தேன். இளைப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று அவரே புள்ளி போட வேண்டும். மூன்று, நான்கு என்றால் சரி. ஐந்தைத் தாண்டினால் இருந்துவிட வேண்டும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றோ வந்தால் அன்றைய பாடம் முடிந்தது. கொவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் கருவி பக்கத்தில் இருக்கும். தொடங்க முன்னர் வைத்தியர் சொன்ன பம்ப்.

எண்ணுவது மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பிந்தினால் “லேட்” என்று கொப்பியில் எழுதிவிடுவாள். நான் ஊரிலிருந்து வெள்ளி இரவுகளில் அழைப்பேன். மாமா அறிக்கை சமர்ப்பிக்கும் குரலிலேயே பேசுவார்.

எட்டாவது வாரம் ஒரு நிமிடத்தில் பதினொன்று. வைத்தியசாலையில் ஊதிப் பார்த்த அளவில் மாற்றமில்லை, அது எதிர்பார்த்ததே. முகமூடியும் இரவில் தொடர்கிறது. பயிற்சி அந்த நோயைச் சற்றுத் தணிக்கலாம். இயந்திரத்தின் இடத்தைப் பிடிக்காது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, வழியில் கடை வாங்கில் ஒரு தடவை இளைப்பாறி, மாமா பள்ளிவாசலுக்கு நடந்து போனார். கதிரையில் இருந்துதான் தொழுதார். அவருக்குப் பக்கத்தில் ஸப்பு இருந்தது. “ஒரு வருஷமா எங்க போயிருந்தீங்க?” என்று ஆட்கள் கேட்டார்களாம். நான்கு வீடு தள்ளித்தான் இருந்தார்.

கொப்பியின் ஒரு பிரதியை எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன். சிகரட்டைத் தொட்டே அறியாமல், நாற்பது வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்து அதே நோயைப் பெற்ற ஒரு உம்மா அங்கே இருக்கிறார். ஓய்வூதியமும் இல்லை, சீருடை போட்ட படமும் இல்லை. “வயசு போனா இளைப்பு வரும்தானே” என்கிறார். மாமாவுக்கு மீட்டெடுக்க ஒரு கம்பீரம் இருந்தது. தனக்கென்று ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் எடுத்துப் பழகாத ஒருவரைக் கதிரையிலிருந்து எழுப்புவது அதைவிடக் கடினமான பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.