கடன் வாங்கிய பண்டம்

டொன்கட்ஸு என்ற சொல்லில் ஜப்பானியருடையது என்று சொல்ல ஒரு அசைகூட இல்லை. 'டொன்' பன்றியைக் குறிக்கும் எழுத்தின் சீனவழி உச்சரிப்பு. வீட்டுப் பேச்சில் அவர்கள் பன்றிக்குச் சொல்வது 'புட்டா'. 'கட்ஸு' ஆங்கிலக் கட்லெட். 'கட்ஸுரெட்ஸு' என்று நுழைந்து, பிறகு வால் அறுந்து நின்றது. ஆங்கிலமோ அதைப் பிரெஞ்சிலிருந்து வாங்கியது. அங்கே அது விலா எலும்போடு சேர்ந்த துண்டு. சீனத்துக்கு ஒரு கடன், ஐரோப்பாவுக்கு ஒரு கடன். இரண்டையும் ஒட்டிச் செய்த சொல்லை டோக்கியோவில் பல கடைகள் ஹிரகானாவில் எழுதி மாட்டியிருக்கின்றன. ஜப்பானிய மொழியில் மேற்கிலிருந்து வந்த சொற்களுக்குக் கத்தகானா என்று தனி எழுத்து உண்டு. ஹிரகானா வீட்டுச் சொற்களுக்கானது. ஆக, இந்தச் சொல்லுக்கு எழுத்திலேயே குடியுரிமை கிடைத்துவிட்டது. கிரந்த எழுத்துக்களைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று இன்னமும் அடித்துக்கொள்ளும் நமக்கு இது யோசிக்கத்தக்க விஷயம்.

நான் பகலில் வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்காருகிறவன். மாலையில் கவிதை பற்றி எழுதுகிறவன். இரண்டாவது வேலையில் அடிக்கடி காதில் விழும் வசவு 'இறக்குமதிச் சரக்கு' என்பது. புதுக்கவிதை வந்தபோது சொன்னார்கள். பின்னால் வந்த ஒவ்வொன்றுக்கும் சொன்னார்கள். எதிர்த்தரப்பும் அந்த வசவை ஏற்றுக்கொண்டுதான் பதில் சொல்கிறது. இதெல்லாம் சங்கப்பாட்டிலேயே இருக்கிறது என்று பழைய பத்திரத்தைத் தேடி எடுத்து நீட்டுகிறது. கடன் வாங்குவதே இழுக்கு என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை. என் பகல் வேலையில் கடன் வாங்கியவனை யாரும் இழிவாக நினைப்பதில்லை. வாங்கியதை வைத்து என்ன செய்தான் என்றுதான் பார்க்கிறோம்.

பண்டத்தின் சரித்திரம் சுவாரஸ்யமானது. 675-ல் தென்மு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இவற்றை ஆண்டின் ஒரு பகுதியில் உண்ணக் கூடாதென்று ஆணையிட்டார். பன்றி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பௌத்தமும் வழக்கமும் சேர்ந்து நாலுகால் பிராணிகளின் இறைச்சியையே பொதுவில் தீட்டாக்கிவிட்டன. அதற்காக உண்ணாமலும் இருந்துவிடவில்லை. காட்டுப்பன்றியை 'மலைத் திமிங்கிலம்' என்று பெயரிட்டு விற்றார்கள். திமிங்கிலம் மீன் கணக்கில் சேர்ந்ததால் தோஷமில்லை. ஹிரோஷிகேயின் 1858-ஆம் வருஷத்துப் பனிக்காட்சி ஒன்றில் அந்தப் பெயர்ப்பலகை பெரிதாகத் தொங்குகிறது. 1872-ல் மெய்ஜி சக்கரவர்த்தி மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியிடப்பட்டது. 1899-ல் கின்ஸாவில் ரெங்கதெய் என்ற மேற்கத்திய உணவுக்கடை, வெண்ணெயில் வதக்கும் பிரெஞ்சு முறையை விட்டு, டெம்புராவைப்போல நிறைய எண்ணெயில் முழுக்கிப் பன்றிக் கட்லெட்டைப் பொரிக்க ஆரம்பித்தது. 1904-ல் ரஷ்யாவுடன் யுத்தம் வந்து சமையல் ஆட்கள் பட்டாளத்துக்குப் போய்விட, பக்கத்தில் வைக்கும் வெந்த காய்களுக்குப் பதிலாகப் பச்சை முட்டைக்கோஸைச் சீவி வைத்தார்கள் என்று சொல்கிறார்கள். அந்த முட்டைக்கோஸ் இன்றும் தட்டில் இருக்கிறது. உருவம் என்பது சில சமயம் ஆள் பற்றாக்குறையில் பிறக்கிறது.

சென்ற ஆண்டு தம்பியைப் பார்க்க டோக்கியோ போயிருந்தேன். மென்பொருள் வேலை, இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாயில் குடியிருக்கிறான். ஒரு மாலை மெகுரோவுக்கு அழைத்துப்போனான். ஸ்டேஷனுக்கு அருகிலேயே டொன்கி என்ற கடை. 1939-லிருந்து இந்தப் பண்டம்தான். நடுவில் திறந்த சமையலிடம். அதை மூன்று பக்கமும் சுற்றி வெள்ளை மரத்தாலான நீண்ட மேசை. பின்னால் சுவரோரம் காத்திருப்பவர்களுக்கு பெஞ்சு. நுழைந்ததுமே ஒருவர் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுகிறார்.

"அண்ணா, ரோஸுவா, ஹிரேயா?" என்றான் தம்பி.

"அப்படின்னா?"

"கொழுப்போடயா, இல்லாமலா?"

ரோஸு ஆங்கில 'ரோஸ்ட்' என்பதன் திரிபு. ஹிரே பிரெஞ்சு 'ஃபிலே'. நான் கொழுப்போடு கேட்டேன். எங்கள் வீட்டில் பன்றி நுழைந்ததில்லை. அதன் பெயரை அம்மா திட்டுவதற்கு மட்டும் உபயோகிப்பாள். "அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றான் தம்பி. அவனுக்கு வயது முப்பத்து மூன்று.

யாரும் சீட்டில் குறித்துக்கொள்ளவில்லை. யார் எப்போது வந்தார், எதைக் கேட்டார் என்பதெல்லாம் அந்த ஒருவர் தலைக்குள் இருந்தது. முறை பிசகாமல் கூப்பிட்டார். எங்களுக்கு எதிரிலேயே ஒருவர் பொரிந்ததை எடுத்து, சூட்டைப் பொருட்படுத்தாமல் விரலால் பிடித்து, கத்தியால் துண்டு போட்டார். தட்டில் கட்லெட், சீவிய முட்டைக்கோஸ், கடுகு. தனியே சோறு, ஊறுகாய், பன்றித் துண்டுகள் மிதக்கும் மிஸோ சூப். மேலோடு மெல்லியதாக நொறுங்கியது. அந்த ரொட்டித்தூளுக்குப் பெயர் பான்கோ. 'பான்' போர்த்துகீசியர் தந்தது. நமக்கு ஜன்னலும் சாவியும் மேசையும் தந்த அதே போர்த்துகீசியர். கொழுப்பு விளிம்பு வாயில் வைத்ததும் கரைந்தது. நன்றாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் வார்த்தையில்லை.

கவனித்தது வேறொன்று. கட்லெட் கத்தியும் முள்ளும் தேவைப்படும் பண்டம். இங்கே கத்தி சமையலிடத்திலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது. குச்சியால் எடுத்துச் சோற்றோடு உண்ணும் கைக்குத் தக்கபடி பண்டம் துண்டாகி வருகிறது. ஜப்பானியப் பூவையோ மலையையோ அதன்மேல் வரைந்து அதைச் சுதேசியாக்கவில்லை. கையின் பழக்கம் ஆக்கியது. கவிதையிலும் இதுதான் நடக்கிறது என்று படுகிறது. வேப்பமரத்தையும் கோபுரத்தையும் வரிக்கு வரி நட்டுவிட்டால் ஒரு கவிதை தமிழ்க் கவிதையாகிவிடாது. நம் மூச்சு எங்கே நிற்குமோ அங்கே வரி வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதுதான் விஷயம். ஓஸுவின் கடைசிப் படம் 1962-ல் வந்தது. அதில் தங்கை மனதில் வைத்திருக்கும் ஒருவனிடம் அண்ணன் பேச்செடுப்பது டொன்கட்ஸு கடையில்தான். அவனுக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று தெரியவருகிறது.  அறுபது வருஷத்தில் அந்நியப் பண்டம் ஒரு குடும்பத்தின் சோகத்துக்கு உறுத்தாத பின்னணியாகிவிட்டது.

அதே கட்லெட் நம்மிடமும் வந்தது. காப்பி ஹவுஸிலும் ரயிலிலும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் பிசைந்து, ரஸ்க் தூளில் புரட்டி, தக்காளி சாஸோடு தருகிறார்கள். எலும்பும் இல்லை, இறைச்சியும் இல்லை. பெயர் மட்டும் கட்லெட். இதைப் பரிகசிக்க வேண்டியதில்லை. இதுவும் ஒரு தழுவல். எதை நீக்கினால்தான் உள்ளே விடுவோம் என்பது அதில் தெரிகிறது.

இங்கே முடித்திருந்தால் கட்டுரை சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் மறுநாள் ஷினகவா போனோம். மெகுரோவிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். அதன் பக்கத்தில் ஷிபவுரா இறைச்சிச் சந்தை. டோக்கியோவுக்கான மாடும் பன்றியும் அறுபடும் இடம். உள்ளே பொதுமக்களுக்கு ஒரு காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். விலங்கு அறுப்பவர்களும் தோல் பதனிடுபவர்களும் ஜப்பானில் பரம்பரையாகத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள். 1871-ல் அந்தச் சாதிப் பெயர்களை அரசாங்கம் ஒழித்தது. மறு வருஷமே சக்கரவர்த்தி இறைச்சி உண்டார். இறைச்சியின் தீட்டு போயிற்று. அறுத்தவனுடைய தீட்டு அவ்வளவு எளிதில் போகவில்லை. அங்கே வேலை செய்பவர்களை இழிவுபடுத்தி வந்த கடிதங்கள் அந்தக் கூடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. தம்பி ஒன்றை எனக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்தான். இரண்டு வரிக்குப் பிறகு, "போதும் அண்ணா" என்றான்.

எங்கள் கிளையில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் பல வருஷங்களாக மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம்தான் கொண்டுவருகிறார். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பன்றி வறுவல் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கொண்டுவரக் கூடாதென்று சுற்றறிக்கை எதுவும் இல்லை. தேவைப்படவில்லை. ஊர் திரும்பியதும் மதியச் சாப்பாட்டில் நான் டொன்கட்ஸுவைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். காசாளர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர், "எவ்வளவு நேரம் பொரிக்கறான் சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு டப்பாவை மூடினார்.

மலைத் திமிங்கிலம் என்ற பெயர் ஜப்பானியருக்கு மட்டும் உரியதல்ல. நம் பத்திரிகைகள் கறுப்புக் கவிதைகளை மொழிபெயர்த்தன. மராத்தி தலித் கவிதைகளையும் மொழிபெயர்த்தன. வாசித்து நெகிழ்ந்தோம். தமிழில் தலித் எழுத்து ஒரு இயக்கமாகத் தன் பெயரிலேயே எழ 1990-கள் வரவேண்டியிருந்தது. வந்தபோது, தூரத்துச் சரக்குக்குக் காட்டிய தாராளத்தை விட்டுவிட்டு உருவம் போதவில்லை என்று கணக்குக் கேட்டவர்கள் உண்டு. அந்நியப் பெயரில் வந்தால் அனுபவம். சொந்தப் பெயரில் வந்தால் நாற்றம்.

கடன் வாங்குவது பற்றி எனக்கு இப்போதும் ஆட்சேபணை இல்லை. இறக்குமதியா சுதேசியா என்ற விவாதத்தில் ஒரு விஷயம் சௌகரியமாக விடுபடுகிறது. வெளியிலிருந்து வருவதற்கு நாம் கேட்காத அனுமதிச் சீட்டை, பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதற்குக் கேட்கிறோம். விமர்சனத்துக்கு ரசனை வேண்டும் என்கிறோம். அந்த ரசனை எந்தச் சாப்பாட்டு மேசையில் பழகியது என்பதையும் விமர்சனம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.