ஷொக்கோ பேயென்

போன வாரம் சித்தப்பாவின் பேத்தி பாரீஸிலிருந்து வந்திருந்தாள். "தாத்தா, இது உங்களுக்கு" என்று பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். பிஸ்கட்டுக்கு இப்போது சிரிக்கும் முகம் வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் முகமெல்லாம் இல்லை. பெயர் மட்டும் அதேதான்: ஷொக்கோ பே.என்.

நாந்த் நகரத்து பிஸ்கட் கம்பெனியின் பெயரைச் சுருக்கி 'பே.என்.' என்று வைத்தார்கள். நடுவில் சாக்லேட் வைத்த இந்த வகை 1933-இல் வந்தது. பிரான்சில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மாலை நாலு மணிக்குத் தின்பது. அந்தச் சிற்றுண்டிக்கு 'கூத்தே' என்று பெயர். பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு வந்து, "ஆயா, கூத்தே வேணும்" என்றேன். "எந்தக் கூத்துடா? தெருக்கூத்தா?" என்று கேட்டார் பாட்டி. எங்கள் வீட்டு நாலு மணிக்கு அவல் அல்லது வேர்க்கடலைதான்.

சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தார். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் இந்த பிஸ்கட் வரும். மேல் பிஸ்கட்டைப் பிரித்தெடுத்து, சாக்லேட்டை முன்பல்லால் சுரண்டித் தின்பேன். "எலி மாதிரி தின்னாதடா" என்பார் அப்பா.

1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் இந்தியர். அப்பா ஒரு நோத்தேரிடம் எழுத்தராக இருந்தார். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேருக்கு அந்த விருப்ப மனுவை அழகான பிரெஞ்சில் அவர்தான் எழுதிக் கொடுத்தார். தனக்கு மட்டும் எழுதவில்லை.

63 பொங்கலுக்கு சித்தப்பா இரண்டு பாக்கெட்டோடு வந்தார். முதல் பாக்கெட் அன்றே தீர்ந்தது. ராத்திரி திண்ணையில் பேச்சு முற்றியது. "பிள்ளைங்களை நெனைச்சுப் பாருங்கண்ணே. இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு" என்றார் சித்தப்பா. "ஆயாவ யாரு பாக்கறது? பொறந்த ஊர்லயே நான் வெளிநாட்டுக்காரனா இருக்கணுமா?" என்றார் அப்பா. அதற்குமேல் இருவரும் சொன்னதை எழுத வேண்டாம். மறுநாள் விடியுமுன் சித்தப்பா கிளம்பிவிட்டார். இரண்டாவது பாக்கெட்டை அப்பா அலமாரி மேல்தட்டில் வைத்து, "யாரும் தொடக்கூடாது" என்றார்.

நாங்கள் தொடவில்லை. எனக்குப் பதினொரு வயது. தினமும் நாலு மணிக்கு அதை அண்ணாந்து பார்த்துவிட்டு வேர்க்கடலையைக் கொறிப்பேன். ஆடி மாதம் வீடு ஒட்டடை அடிக்கும்போது அம்மா அதைக் கீழே இறக்கினார். பாக்கெட்டின் வாய் பிரிக்கப்பட்டு, நோத்தேர் ஆபீஸ் காகிதம் மாதிரி ஓரம் நேராக மடிக்கப்பட்டிருந்தது. உள்ளே இரண்டு பிஸ்கட் குறைந்தது. அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் மீதியைப் பங்கிட்டுக் கொடுத்தார். நமுத்துப் போயிருந்தது. அப்படியும் தின்றோம்.

நானும் பின்னாளில் அரசாங்கத்தில் குமாஸ்தா ஆகி, ஓய்வும் பெற்றேன். பிராங்கில் பென்ஷன் வாங்கியவர்களைப் பார்த்து, அப்பா எழுதாமல் விட்ட அந்த ஒரு காகிதத்தை நினைத்துப் பொருமியது உண்டு. அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

அண்ணனும் தம்பியும் அதற்குப்பின் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பாவின் கருமாதிக்குத்தான் சித்தப்பா வந்தார். அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் குறைந்துபோன இரண்டு பிஸ்கட் கதையைச் சொன்னேன். "அண்ணன் தின்னாரா?" என்று கேட்டார். "வேற யாரு?" என்றேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சர்க்கரை. ஆனாலும் பேத்தி பார்க்க ஒன்றைப் பிரித்து முன்பல்லால் சுரண்டினேன். "எங்க தாத்தாவும் இப்படித்தான் சாப்பிடுவாரு" என்றாள். அண்ணன் தம்பி இருவரும் சின்ன வயதில் அதை எப்படித் தின்றிருப்பார்கள் என்று சொல்ல இன்று யாரும் இல்லை. மீதியை ஓரம் மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.