பெல்ட்டைப் பிடிக்கும் கை

பூனை இருக்கும் வீட்டுக்கு நாய்க்குட்டியைக் கொண்டுவருகிறவர்கள் பயிற்சியாளரிடம் பெரும்பாலும் இரண்டு புகார்களைச் சொல்வார்கள். குட்டி பூனையைத் துரத்துகிறது என்பது ஒன்று. பெல்ட்டைத் தொட்டால் உறுமுகிறது, காதைத் துடைக்கவோ நகம் வெட்டவோ விடமாட்டேன் என்கிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு இனத்தைக் காரணம் சொல்வார்கள், இரண்டாவதற்குக் குணத்தை. பல வீடுகளில் முதல் தொல்லையை நாம் சமாளிக்கிற விதம்தான் இரண்டாவதை உண்டாக்குகிறது என்பது என் கருத்து. பூனைக்குக் காவல் நிற்கும் வேலையை மனிதக் கை ஏற்றுக்கொண்டால், நாய்க்கு அந்தக் கைமேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

நான்கைந்து மாதச் சிப்பிப்பாறைக் குட்டியை எடுத்துக்கொள்வோம். நம் தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்காக வளர்த்த இனம். ஓடும் உயிரைக் கண்ணால் குறிவைத்துத் துரத்துவது அதன் பிறவிக்குணம். நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் வேட்டையை ஒரு தொடராகப் பிரித்துக் காட்டினார்கள்: தலை திருப்புதல், உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல். இனத்துக்கு இனம் இதில் சில கட்டங்கள் வலுத்திருக்கும், சில மங்கியிருக்கும். சிப்பிப்பாறைக்குத் துரத்தலில் வலு அதிகம். பூனை சோபாவிலிருந்து குதித்து ஓடியதும் குட்டி பாய்கிறது. வீட்டுக்காரர் பதறிப்போய் பெல்ட்டைப் பிடித்து இழுக்கிறார். நம் கணக்கில் இது தண்டனைகூட இல்லை, வெறும் தடுப்பு. குட்டியின் கணக்கு வேறு. பூனை தெரிகிறது, கை வருகிறது, கழுத்து இறுகுகிறது. மணியோசைக்குப் பின் சோறு வந்தால் மணிக்கே எச்சில் ஊறும் என்று பாவ்லோவ் காட்டிய அதே வரிசைதான், பலன் மட்டும் நேர்மாறு. சில வாரங்களில், பூனை இல்லாத நேரத்திலும் கை கழுத்தை நோக்கி நீண்டால் குட்டி நழுவும். நழுவ இடமில்லாவிட்டால் பல்லைக் காட்டும். இன்னும் மோசமானது, வலிக்கு முன்னறிவிப்பாக வருவது பூனை என்பதால் விளையாட்டாகத் தொடங்கிய துரத்தலில் எரிச்சலும் சேர்ந்துவிடும்.

ஆகவே பூனையைக் காப்பதையும் நாயைத் தொடுவதையும் பிரிக்க வேண்டும். பூனையைக் காப்பது கதவின் வேலை. மாடிப்படியில் குழந்தைகளுக்காகப் போடும் தடுப்புக் கதவைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கிப் பொருத்தினால், அடியில் பூனை நுழையும், வளர்ந்த நாய் நுழையாது. பூனையின் சாப்பாடும் மணல் தட்டும் அந்தப் பக்கம் இருக்கட்டும். ஒரே அறையில் இருக்க நேரும்போது, கழுத்தில் மாட்டாமல் ஹார்னஸில் கோத்த மெல்லிய கயிறு ஒன்று தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தால் போதும். குட்டியைத் தொடாமலே கயிற்றை மிதித்து நிறுத்திவிடலாம். குறுக்கிட வேண்டிய நேரம் உற்றுப் பார்க்கும் கட்டம். உடல் விறைத்து, வாய் மூடி, பார்வை நிலைகுத்தும் அந்த ஓரிரு நொடிகளில் பெயர் சொல்லி அழைத்தால் காதில் விழும். துரத்தத் தொடங்கிய பிறகு விழாது.

கைக்கான பயிற்சி பூனை கண்ணில் படாத அறையில், தனியாக நடக்க வேண்டும். விரல் பெல்ட்டைத் தொடுகிறது, தொட்ட பிறகு வேகவைத்த கோழித்துண்டு ஒன்று வருகிறது, விரல் விலகுகிறது. குட்டி விரலைக் கண்டதுமே ஆவலாக முகத்தைத் திருப்பத் தொடங்கினால்தான் அடுத்த படி: இரு விரல், பிறகு முழுப் பிடி, பிறகு இலேசான இழுப்பு. பாதத்தைத் தொடுவதானாலும் தோளில் கை வைத்து மெல்லக் கீழே இறங்க வேண்டும். குட்டி காலை உருவிக்கொண்டால் நாம் ஒரு படி முந்திவிட்டோம் என்று பொருள். இது லஞ்சம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. தீனியை முதலில் காட்டிவிட்டுப் பிறகு பிடித்தால் லஞ்சம்தான். சீக்கிரமே தீனியைக் கண்டாலும் குட்டி சந்தேகப்படும். கை முதலில், தீனி பிறகு என்ற வரிசை மாறாதிருந்தால், கை நல்லதற்கு அறிகுறியாகிறது. உறுமினால் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்ற யோசனையை நான் அடியோடு மறுக்கிறேன். தட்டினால் உறுமல் நிற்கும், அச்சம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி வரும். அதுவரை தொடவிட்ட குட்டி திடீரென்று விடாவிட்டால் பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். காதில் சீழோ, பெல்ட்டுக்கு அடியில் உண்ணிக் கடியோ இருக்கலாம். பல் மாறும் மாதங்களில் உடலைத் தளர்த்திக்கொண்டு விளையாட்டாகக் கவ்வுவது வேறு விஷயம். அதற்குக் கடிக்க ஒரு பொருள் கொடுத்தாலே போதும்.

கிராமத்தில் நாயும் பூனையும் தானாகத்தானே பழகின என்ற ஆட்சேபம் நியாயமானது. அங்கே பூனைக்கு ஓட்டுக் கூரையும் மரமும் இருந்தன, நாய் திண்ணையோடு நின்றது. இரண்டும் ஒன்றையொன்று விலகியிருக்க இடமிருந்தது. இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் அந்த விலகலை நாம்தான் அமைத்துத் தர வேண்டும், அலமாரி உச்சியிலாவது. குட்டியிலிருந்து சேர்த்து வளர்த்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். நாய்க்குப் பிற உயிர்களோடு எளிதாக இணங்கும் பருவம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை என்பதை ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நூல் விளக்கியது. பூனைக்கு அது இன்னும் முந்தி, 2 முதல் 7 வாரத்துக்குள் முடிகிறது. நாயே பார்த்திராத ஐந்து வயதுப் பூனைக்கு அந்த வாசல் என்றோ மூடிவிட்டது. பூனை ஓர் அறை விட்டால் குட்டிக்குப் புத்தி வரும் என்பவர்கள், நகம் விழியில் பட்டால் என்ன ஆகும் என்பதை யோசிப்பதில்லை. அடி வாங்கிய குட்டி அடங்கித்தான் போகும் என்பதற்கும் உத்தரவாதமில்லை, வெறி ஏறவும் செய்யும். பூனைக்கும் இந்த மோதலால் இழப்பு உண்டு. மணல் தட்டுக்குப் போகும் வழியை நாய் மறித்தால் அது சிறுநீரை அடக்கும், வேறிடத்தில் கழிக்கும். அச்சத்தில் தீனியை நாள்கணக்கில் ஒதுக்கினால் கல்லீரலே கெடும்.

இவ்வளவு செய்தும் சில சிப்பிப்பாறைகள் ஓடும் பூனையை முயலாகவே பார்க்கும். அப்படிப்பட்ட நாயை அந்தப் பூனையோடு வீட்டில் தனியே விடக்கூடாது. வெளியே கிளம்பும்போது இரண்டுக்கும் நடுவில் கதவு சாத்தியிருக்க வேண்டும், நாய்க்கு ஐந்து வயதானாலும் சரி. கைப்பயிற்சி தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. பூனையோடு ஒருபோதும் நம்பி விட முடியாத அதே நாய், நகம் வெட்ட உட்கார்ந்தால் தானே பாதத்தை நீட்டும்.