பதினைந்து காசு லிங்கன்

மே 4, விழுப்புரம்

கத்திரி வெயில் இன்று தொடங்கியது. ஆனாலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தபால் தலை ஆல்பத்தைத் திறந்தேன். ஓடினால் தலைகள் பறந்துவிடும். முதல் பக்கத்தில் 1938-இல் அமெரிக்கா வெளியிட்ட அதிபர் வரிசை. மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே சித்தப்பா வாங்கித் தந்தவை. அமெரிக்க அதிபர்களின் வரிசையை நான் மனப்பாடம் செய்தது இவற்றை வைத்துத்தான். முதல் அதிபர் வாஷிங்டனுக்கு 1 சென்ட், 16ஆவது அதிபர் லிங்கனுக்கு 16 சென்ட் என்று 22 சென்ட் வரை விலையும் வரிசையும் ஒன்றாகவே போகும். அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டும் தபால் தலை சேகரிப்பவர். ஆனால் இந்த வரிசையில் அவர் இல்லை. உயிரோடு இருப்பவரைத் தலையில் போடுவது அந்நாட்டு வழக்கமில்லை.

அடுத்த பக்கம் எனக்கு இன்னும் நெருக்கமானது; நம் நாட்டுத் தலைகள். 1963 டிசம்பர் 10-இல் வந்தது ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் தலை. மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் ஆண்டுக்காக வந்த அதில் அவர் ராட்டையின் முன் இருக்கிறார். பக்கத்தில் லிங்கனுக்காக ஓர் இடம் விட்டிருக்கிறேன். என்னிடமிருந்த லிங்கன், பள்ளி நாளில் உறையிலிருந்து பிய்த்தபோது பின்பக்கம் உரிந்துபோனது. இத்தனை வருடமாகியும் அந்த இடம் காலிதான்.

மே 6, திண்டிவனம்

விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, அத்தை வீட்டுக்கு வந்தேன். பூஜை அறைக்குப் பக்கத்தில் பழைய கடிதக் கம்பி இன்னும் தொங்குகிறது. கேட்டதும் அத்தை கழற்றிக் கொடுத்தார்.

“எல்லாம் உங்க மாமா எழுதினதுப்பா. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடணும்.”

கார்டுகளுக்கும் இன்லேண்டுகளுக்கும் நடுவே ஓர் உறை. கம்பி குத்திய துளை நடுவில்தான். வலது மூலையில் லிங்கன் பழுதில்லாமல் இருக்கிறார். விலை 15 காசு. லிங்கன் இறந்து சரியாக நூறு ஆண்டு நிறைந்த 1965 ஏப்ரல் 15-இல் வெளியான தலை. முத்திரையின் வளைவு அவர் தோளைத் தொட்டுக்கொண்டு போகிறது. உறையின் பின்புறம் திண்டிவனத்தில் வந்து சேர்ந்த முத்திரை.

உள்ளே ஒரே தாள். “மல்லாட்டை பிடுங்கியாச்சா?” என்று நிலக்கடலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார் மாமா. படித்துக் காட்டினேன். அத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

மே 7, விழுப்புரம்

சேகரிப்பவர்கள் வழக்கமாகச் செய்வது தெரியும். உறையின் மூலையை வெட்டித் தண்ணீரில் போட்டு, பசை விட்டதும் தலையை இடுக்கியால் எடுத்துத் தாள்களுக்கு நடுவே உலர்த்த வேண்டும். இந்த உறையை அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

லிங்கன் தலை வெளியானபோது உள்நாட்டுக் கடிதத்துக்குக் கட்டணமே 15 காசுதான். அதனால்தான் லிங்கன் தலை ஆல்பத்துக்கென்று அச்சான பொருளாக இருந்துவிடாமல், மல்லாட்டை விசாரித்த கடிதத்தைச் சுமந்து திண்டிவனம் வரை வந்தது. தண்ணீரில் நனைத்திருந்தால் எனக்குக் கிடைப்பது வெறும் லிங்கன். உறையோடு இருப்பதால் எந்த நாளில் எந்த ஊருக்கு, யாருக்காக வந்தார் என்பதும் கூடவே இருக்கிறது.

உறையைப் படம் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அத்தையிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆல்பத்தின் காலி இடத்தில் அந்தப் படம் இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கம்பி கிடக்கலாம். பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தலை அகப்பட்டால் கிழிக்காதீர்கள், உறையோடு வையுங்கள்.